மெய்ந்நிறம்

நுழையும்முன்

'மெய்' என்னும் சொல்லுக்கு உடல், உண்மை என இரு பொருள்கள் உண்டு. உடலைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றுள் உண்மை எவ்வளவு என ஆராய்ந்தறிவது கற்றோர் கடமை. ஏழு நாள்களில் நிறம் மாறும், ஒரே இரவில் பரு மறையும் என்னும் குரல்களை நாள்தோறும் கேட்கும் இளையோருக்குத் தோலின் அறிவியல் தெரிந்திருத்தல் வேண்டும். பொருநை ஆற்றங்கரையின் வெயிலையும் வாழ்க்கை வழக்கங்களையும் சான்றாகக் கொண்டு அவ்வறிவியலை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

நிழல் மறையும் நண்பகல்

பொதிகை மலையில் தோன்றி, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி எனப் பல ஊர்களை வளப்படுத்தி, புன்னைக்காயலுக்கு அருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. இவ்வாற்றின் கரையில் கார், பிசானம் என இரு பருவங்களிலும் நெல் விளைகிறது. நாற்று நடுவோரும் களை பறிப்போரும் பகல் முழுவதும் வெயிலில் நிற்கின்றனர். கடலோர உப்பளங்களில் உழைப்போரின் நிலையும் அதுவே.

திருநெல்வேலி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 8.7 பாகையில் அமைந்துள்ளது. எனவே, ஆண்டிற்கு இருமுறை கதிரவன் இந்நகரின் உச்சிக்கு நேராக வருகிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், சித்திரைப் பிறப்பையொட்டி ஒருமுறை. ஆகஸ்டு இறுதியில் மற்றொருமுறை. அந்நாள்களில் நண்பகல் 12.20 மணியளவில் தரையில் செங்குத்தாக ஊன்றிய கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். இதனை 'நிழலில்லா நாள்' என்பர்.

கதிரவன் தலைக்கு நேரே நிற்கும்போது அதன் கதிர்கள் காற்று மண்டலத்தை மிகக் குறைந்த தொலைவில் கடந்து வருகின்றன. அதனால் புற ஊதாக் கதிர்களின் வலிமை மிகுகிறது. இவ்வலிமையை அளக்க உலக நலவாழ்வு நிறுவனம் ஓர் அளவுகோலைப் பரிந்துரைக்கிறது. அதில் 3 என்னும் அளவிலிருந்தே பாதுகாப்பு தேவை. 11உம் அதற்கு மேலும் 'மிகக் கடுமை' எனப்படும். வானம் தெளிந்த கோடை நண்பகலில் தென்தமிழ்நாட்டில் இவ்வெண் 11ஐத் தாண்டுவது இயல்பு. இத்தகைய வெயிலின்கீழ்த் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களுக்கு இயற்கை எத்தகைய காப்பை வழங்கியுள்ளது? அதனை அறியத் தோலின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

தோல் என்னும் மதில்

தோல், உடலின் மிகப் பெரிய உறுப்பு. வளர்ந்த மனிதரின் தோற்பரப்பு ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். மேல்தோல், உள்தோல் என இரு அடுக்குகளும் அவற்றின்கீழ்க் கொழுப்படுக்கும் இதில் உள்ளன. மேல்தோலின் தடிமன் உடலின் பெரும்பாலான இடங்களில் 0.1 மில்லிமீட்டர் அளவினதே. இது பாடநூலின் ஒரு தாளின் தடிமனுக்கு ஒப்பாகும்.

மேல்தோலின் அடிப்பகுதியில் புதிய செல்கள் இடைவிடாது தோன்றுகின்றன. அவை மேல்நோக்கித் தள்ளப்பட்டு, தட்டையாகி, கெரட்டின் என்னும் புரதத்தால் நிரம்பி, இறந்து, இறுதியில் உதிர்கின்றன. இப்பயணத்திற்கு ஏறத்தாழ 4 வாரங்கள் ஆகின்றன. இறந்த செல்கள் செங்கற்களைப் போலவும் அவற்றிற்கு இடையிலுள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்தைப் போலவும் அமைந்து, வெளிப்புறத்தில் ஒரு மதிலை எழுப்புகின்றன. உடலின் நீர் வெளியேறாமலும் நுண்ணுயிரிகள் உட்புகாமலும் காப்பது இம்மதிலே.

இந்த 4 வாரக் கணக்கை நினைவில் கொள்ளுதல் நலம். நிறமியைத் தாங்கிய செல்கள் உதிர்ந்து புதியவை மேலே வருவதற்கே ஒரு மாதம் ஆகுமெனில், ஒரு வாரத்தில் நிறம் மாறுவது எங்ஙனம்? அவ்வாறு முகம் விரைந்து வெளுத்தால், அது பூச்சின் தோற்றமாக இருக்கலாம். அல்லது வலிய வேதிப்பொருளின் விளைவாக இருக்கலாம்.

மாந்தளிர் நிறத்தின் அறிவியல்

மேல்தோலின் அடியில் நிறமிச் செல்கள் உள்ளன. இவை மெலனின் என்னும் நிறமியை உருவாக்கி, சிறு பொதிகளாகச் சுற்றியுள்ள செல்களுக்கு அனுப்புகின்றன. ஒரு நிறமிச் செல் ஏறத்தாழ 36 செல்களுக்கு நிறமியை வழங்குகிறது. வந்துசேரும் பொதிகள் செல்லின் உட்கருவிற்கு மேலே குடைபோல் கவிந்து, புற ஊதாக் கதிர்களிலிருந்து மரபுப்பொருளைக் காக்கின்றன.

வெள்ளை நிறத்தவர்க்கும் கரிய நிறத்தவர்க்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. உருவாகும் மெலனினின் வகை, அளவு, பொதிகளின் பருமன், அவை பரவியிருக்கும் முறை ஆகியவையே வேறுபடுகின்றன. எனவே, கருமை என்பது அழுக்கும் அன்று, குறைபாடும் அன்று. ஒரே வகைச் செல்கள் மிகுதியாகப் பணியாற்றியதன் பயன் அது.

அப்பணியின் மதிப்பை அளந்தும் பார்த்துள்ளனர். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றின்படி, கறுப்பின மக்களின் மேல்தோல் புற ஊதா 'பி' கதிர்களுக்கு எதிராகத் தரும் காப்பு ஏறத்தாழ 13. வெள்ளையரின் மேல்தோல் தருவது ஏறத்தாழ 3. வெப்ப மண்டலக் கதிர்களிலிருந்து உடலின் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து அழியாமல் காப்பதற்கே கருநிறம் நிலைபெற்றது என்னும் விளக்கத்தை மானிடவியலாளர் நினா ஜப்லான்ஸ்கி, ஜார்ஜ் சாப்ளின் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் முன்வைத்தனர். தாயின் வயிற்றில் வளரும் கருவின் நரம்பு மண்டலம் செம்மையாக உருவாக இச்சத்து இன்றியமையாதது.

மெலனினை உருவாக்கும் வேதிவினையைத் தொடங்கிவைப்பது டைரோசினேஸ் என்னும் நொதி. இந்நொதி செயற்படத் தாமிரம் தேவை. தாமிரபரணியின் பெயரில் ஒலிக்கும் அதே உலோகம், அக்கரையில் வாழ்வோரின் நிறத்திற்கும் துணைநிற்கிறது.

*தெரிந்து தெளிவோம்*
*சங்க இலக்கியம் தலைவியின் அழகிய நிறத்தை 'மாமை' எனக் குறிக்கிறது. மாந்தளிர் போன்ற நிறம் என்பது இதன் பொருள். தலைவனைப் பிரிந்த துயரால் மேனி வெளிறுவதைப் 'பசலை' என்பர். அந்த வெளிறல் அழகின் இழப்பாகவே பாடப்பெற்றது. திருக்குறளின் 119ஆம் அதிகாரம் 'பசப்புறு பருவரல்' எனப் பெயர்பெறும். வெளிறிய நிறமே அழகு என்னும் எண்ணம் தமிழ் மரபில் என்றும் இருந்த ஒன்றன்று.*

படித்துறை மஞ்சளும் அடுக்களைப் பொருள்களும்

ஆற்றுப் படித்துறைக் கல்லில் மஞ்சளை உரைத்துப் பூசிக் குளிப்பதும், குழந்தைகளுக்கு நலங்கு மாவு தேய்ப்பதும் இவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கங்கள். இவற்றை முழுவதும் ஏற்பதும் முழுவதும் தள்ளுவதும் அறிவியல் நெறி ஆகா. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

மஞ்சளின் நிறத்திற்குக் காரணமான குர்குமின், அதன் எடையில் 2 முதல் 5 விழுக்காடு வரை உள்ளது. ஆய்வகக் குடுவையில் இது அழற்சியைத் தணிப்பதாகப் பல சோதனைகள் காட்டின. எனினும் குர்குமின் நீரில் மிக அரிதாகவே கரையும். ஒளி பட்டால் சிதையும். அதுவரை வெளிவந்த ஆய்வுகளை 2017ஆம் ஆண்டு மறுபரிசீலனை செய்த வேதியியலாளர்கள், கட்டுப்பாடான மருத்துவச் சோதனைகளில் குர்குமினின் பயன் உறுதிப்படவில்லை என எழுதினர். குடுவையில் நிகழ்வது உடலிலும் நிகழும் எனக் கொள்ளுதல் ஆகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. மஞ்சள் பூசிய முகம் பொலிவாகத் தோன்றுவது, மேற்பரப்பில் தங்கும் வண்ணத்தால். அது மெலனினை மாற்றுவதில்லை.

நலங்கு மாவின் பயன் எளிதில் விளங்கக்கூடியது. தோலின் இயல்பான பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5. அதாவது மென்மையான அமிலத்தன்மை. வழக்கமான சோப்பின் மதிப்பு 9 முதல் 10 வரை. அடிக்கடி சோப்பிடும்போது தோலின் கொழுப்புச் சாந்து கரைந்து, தோல் வறண்டு வெடிக்கிறது. பயற்றமாவு அத்தகைய காரத்தன்மை இன்றி எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சுகிறது. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல ஈரக்காப்பு என்பதை மருத்துவச் சோதனைகளும் ஏற்கின்றன. ஆனால், பருக்கள் தோன்றும் முகத்தில் அதே எண்ணெய் நுண்துளைகளை அடைத்துத் தொல்லையை மிகுவிக்கும்.

எலுமிச்சைச் சாற்றின் நிலை வேறு. அதன் பி.எச். மதிப்பு 2ஐ ஒட்டியது. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள சோரலின் வகைப் பொருள்கள் வெயில் பட்டவுடன் வினைபுரிந்து, தோலில் கொப்புளத்தையும் கரும்படையையும் உண்டாக்கும். வெளுப்பதற்காகப் பூசியது கருமையை விட்டுச் செல்லும்.

அதே சோரலின் மருந்தாகவும் பயன்படுகிறது. சித்த மருத்துவம் வெண்புள்ளிகளுக்குக் கார்போகரிசியைப் பயன்படுத்தி வந்துள்ளது. அவ்விதையில் சோரலின் உள்ளது. இன்றைய மருத்துவமும் சோரலினையும் அளந்து செலுத்தப்படும் புற ஊதா 'ஏ' கதிரையும் இணைத்து வெண்புள்ளிகளில் நிறமியை மீட்கிறது. மரபறிவும் ஆய்வறிவும் சந்திக்கும் இடம் இது. அளவும் கண்காணிப்பும் இருந்தால் மருந்து. அவை இல்லையேல் புண்.

மதிலைக் கடப்பது எது?

ஒரு களிம்பில் உள்ள பொருள் பயன்தர வேண்டுமெனில், அது தோலின் மதிலைக் கடந்து உரிய இடத்தை அடைதல் வேண்டும். மூலக்கூறின் எடை 500 டால்டனுக்கு மிகுந்தால் இயல்பான தோலைக் கடப்பது மிகக் கடினம் என்னும் பொதுவிதியை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வகுத்துரைத்தனர்.

இவ்விதியைக் கொண்டு விளம்பரங்களை எடைபோடலாம். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 3,00,000 டால்டன். அதனைக் களிம்பாகப் பூசினால் மேற்பரப்பில் ஈரத்தைத் தக்கவைக்கலாம். உள்தோலில் சென்று சேர்ந்து சுருக்கத்தைப் போக்க இயலாது.

நியாசினமைடு என்னும் 'பி3' வகை உயிர்ச்சத்தின் எடை 122 டால்டன் மட்டுமே. இது மதிலைக் கடக்கிறது. நிறமிச் செல்லிலிருந்து மெலனின் பொதிகள் அண்டைச் செல்களுக்குச் செல்வதை ஓரளவு குறைக்கிறது. முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் சில வாரங்களில் மங்குவதை 2002ஆம் ஆண்டு வெளியான சோதனை காட்டியது. ஆயினும் இப்பயன் சிறிது. களிம்பை நிறுத்தினால் நிறமி பழைய நிலைக்குத் திரும்பும். பிறவி நிறம் மாறிவிடும் என்பதற்கு இதில் சான்று இல்லை.

அறிவியல் சொல்லும் அளவிற்கும் விளம்பரம் சொல்லும் அளவிற்கும் இடையிலுள்ள தொலைவிலேயே பெரும் வணிகம் நடைபெற்றது. 1975ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்டு லவ்லி' என்னும் களிம்பு, வேலையும் திருமணமும் நிறத்தால் வாய்க்கும் எனப் பல்லாண்டுகள் விளம்பரம் செய்யப்பட்டது. சென்னையைச் சார்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' என்னும் அமைப்பு 2009ஆம் ஆண்டு 'கறுப்பே அழகு' என்னும் கருத்தில் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. கருநிறத்தவரைத் துயருற்றோராகவும் வாய்ப்பிழந்தோராகவும் காட்டலாகாது என இந்திய விளம்பரத் தர மன்றம் 2014ஆம் ஆண்டு நெறிமுறை வகுத்தது. 2020ஆம் ஆண்டு அக்களிம்பு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லை நீக்கிக்கொண்டது.

வெளுப்பின் விலை

பயனற்ற களிம்பால் பணம் மட்டுமே வீணாகும். சில களிம்புகள் உண்மையாகவே வெளுக்கச் செய்கின்றன. அவற்றால் வருவதே பேரிடர்.

முதலாவது பாதரசம். டைரோசினேஸ் நொதியில் தாமிரம் இருக்க வேண்டிய இடத்தைப் பாதரசம் பற்றிக்கொள்கிறது. நொதி முடங்குகிறது, மெலனின் உருவாவது தடைப்படுகிறது, தோல் வெளுக்கிறது. ஆனால், பாதரசம் தோலோடு நிற்பதில்லை. குருதியில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. குருதியை வடிகட்டும் நுண்சல்லடை பழுதுற்று, உடலுக்குத் தேவையான புரதம் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீர் நுரைத்தலும் கால்களும் முகமும் வீங்குதலும் இதன் அறிகுறிகள்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இது கண்கூடாக வெளிப்பட்டது. கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் 22 பேர் வந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அரிதாகக் காணப்படும் ஒரே உள்வகை தென்பட்டது. மருத்துவர்கள் ஒவ்வொருவரின் வாழ்க்கை வழக்கங்களையும் கேட்டறிந்தனர். அந்த 15 பேருள் 13 பேர், நோய் தோன்றுவதற்கு முன் முகம் வெளுக்கும் களிம்புகளைப் பூசியதை ஒப்புக்கொண்டனர். களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. இச்செய்தி 2024ஆம் ஆண்டு 'கிட்னி இன்டர்நேஷனல்' என்னும் மருத்துவ இதழில் வெளியானது. மருந்துச் சீட்டில் எழுதப்படாத, அழகுப்பொருள் எனக் கருதப்பட்ட ஒரு சிமிழே நோயின் வேராக இருந்தது. 'என்ன பூசுகிறீர்கள்?' என்னும் எளிய வினா அதனை வெளிக்கொணர்ந்தது.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, கண்ணுக்கான பொருள்கள் தவிர்த்த ஏனையவற்றில் தவிர்க்க இயலாமல் கலந்துவிடும் பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018ஆம் ஆண்டு ஏற்று உறுதிசெய்தது. எனினும், உரிய முகவரியின்றி விற்கப்படும் களிம்புகள் இவ்வேலிகளைத் தாண்டி வருகின்றன.

இரண்டாவது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் முதலியன மருத்துவர் கையில் சிறந்த மருந்துகள். கடும் அழற்சியை இவை விரைவில் அடக்கும். இவற்றையே முகத்தில் நாள்தோறும் பூசினால் தொடக்கத்தில் குருதிக் குழாய்கள் சுருங்கி, முகம் வெளுத்துப் பொலிவுறும், பருக்கள் மறையும். சில மாதங்களில் தோல் மெலிந்து, குருதி நாளங்கள் வெளியே தெரியும், பருக்கள் பெருகும், மயிர் வளரும். நிறுத்த முனைந்தால் எரிச்சலும் சிவப்பும் முன்னினும் கடுமையாகத் திரும்பும். எனவே அஞ்சி மீண்டும் பூசுவர். இவ்வாறு களிம்பே விலங்காகிறது. படர்தாமரைக்கு இவற்றைப் பூசினால் அரிப்பு அடங்கியதுபோல் தோன்றும். பூஞ்சையோ தடையின்றிப் பரவும்.

இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்களில் நிகழ்ந்து 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, முகத்தில் தோல் நோயுடன் வந்த 2,926 பேரைப் பரிசோதித்தது. அவர்களுள் 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பைப் பயன்படுத்தி வந்தனர். ஏறத்தாழ எழுவரில் ஒருவர் என்பது இதன் கணக்கு. தோல் மருத்துவர்களின் தொடர் முயற்சியால், 2018ஆம் ஆண்டு நடுவணரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என அறிவித்தது.

*தெரிந்து தெளிவோம்*
*'பொன், வெள்ளி நகைகளில் படாமல் பூசுக' என ஒரு களிம்பின் உறையில் எழுதப்பட்டிருந்தால், அதில் பாதரசம் இருக்கலாம் என உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரிக்கிறது. பாதரசம் பொன்னோடு சேர்ந்து இரசக்கலவையாக மாறும் என்பது வேதியியல் பாடம். நகைக்கு ஆகாதது தோலுக்கு எவ்வாறு ஆகும்?*

குடையும் களிம்பும்

கருநிறம் நல்ல காப்பே எனினும் முழுக் காப்பு அன்று. இடைவிடாத வெயிலால் கன்னங்களில் மங்கு படர்வதும் தோல் முதிர்வதும் எந்நிறத்தவர்க்கும் நிகழும். நிலத்தை அடையும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு 'ஏ' வகையின. இவை உள்தோல் வரை ஊடுருவும். எஞ்சிய 'பி' வகை மேல்தோலைச் சுடும். உடலுக்கு வேண்டிய உயிர்ச்சத்து 'டி' உருவாகவும் துணைபுரியும்.

வெயில்காப்புக் களிம்பில் காணும் எஸ்.பி.எஃப். என்னும் எண் 'பி' வகைக் கதிர்களுக்கு எதிரான காப்பைக் குறிப்பது. எண் 15 எனில் அக்கதிர்களில் 93 விழுக்காட்டையும், 30 எனில் 97 விழுக்காட்டையும், 50 எனில் 98 விழுக்காட்டையும் தடுக்கும். எண் பெருகும் அளவிற்குக் காப்பு பெருகுவதில்லை என்பது இதனால் விளங்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசியே இவ்வெண் கணக்கிடப்படுகிறது. மெல்லியதாகத் தடவுவோர் இப்பயனை முழுமையாகப் பெறுவதில்லை.

களிம்பு வாங்க இயலாதோர்க்கும் காப்பு உண்டு. நடவு வயலில் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வதைக் காணலாம். நெருக்கமாக நெய்த துணி வியர்வையில் கரைந்து போகாது. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டியதும் இல்லை. நண்பகல் வெயிலைத் தவிர்த்தலும் குடை பிடித்தலும் மர நிழலில் ஒதுங்குதலும் விலையில்லா மருந்துகள்.

பருவமும் பருவும்

பதின்ம வயதில் பரு தோன்றுவது இயல்பு. இயக்குநீர் மாற்றத்தால் எண்ணெய்ச் சுரப்பு மிகுகிறது. மயிர்க்கால் துளைகள் இறந்த செல்களால் அடைபடுகின்றன. அங்கு நுண்ணுயிரிகள் பெருகி அழற்சி உண்டாகிறது. முகம் கழுவாமையால் மட்டுமே பரு வருகிறது என்பது சரியன்று. மீண்டும் மீண்டும் தேய்த்தலும் பற்பசை தடவுதலும் கிள்ளுதலும் புண்ணையும் தழும்பையும் தரும். மருத்துவர் தரும் முறையான பூச்சு மருந்துகளும் முழுப் பயன்தர 8 முதல் 12 வாரங்கள் ஆகும். எனவே, பொறுமையும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்க்கு மருத்துவம் பெறலாம்.

கேட்க வேண்டிய வினாக்கள்

தோலைப் பற்றிய எந்தக் கூற்றைக் கேட்டாலும் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதில் உள்ள பொருள் யாது? அது மதிலைக் கடந்து உரிய இடத்தை அடையுமா? எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலம் சோதித்தனர்? சொல்லப்படும் காலம் தோலின் 4 வாரச் சுழற்சிக்குப் பொருந்துகிறதா? உறையில் உற்பத்தியாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியன உள்ளனவா? வெளிநாட்டுப் பொருளெனில் இறக்குமதிப் பதிவு எண் உள்ளதா? 'இயற்கையானது' என்னும் சொல் இவற்றிற்கு விடையாகாது. பாதரசமும் இயற்கையில் கிடைப்பதே.

இவ்வினாக்களோடு மற்றொன்றையும் சேர்த்தல் வேண்டும்: இப்பொருள் தீர்க்க முனைவது உண்மையில் ஒரு நோயா? படர்தாமரை நோய், பரு மருத்துவம் பெறத்தக்கது, வெடிப்பும் அரிப்பும் கவனிக்கத்தக்கன. மாந்தளிர் நிறம் நோயன்று. அது தலைக்கு நேரே நிற்கும் கதிரவனின்கீழ்ப் பன்னெடுங்காலம் வாழ்ந்த முன்னோர் விட்டுச்சென்ற குடை. நிழலில்லா நாளிலும் அக்குடையின் நிழல் உடலைவிட்டு நீங்குவதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நிழலில்லா நாள் எது எனக் கண்டறிந்து, அன்று நண்பகலில் ஒரு கோலின் நிழலை அளந்து குறிப்பெழுதுக.
2. வீட்டில் பயன்படுத்தும் ஏதேனும் ஒரு களிம்பின் உறையிலுள்ள செய்திகளைப் பட்டியலிட்டு, கட்டுரையில் கூறப்பட்டுள்ள வினாக்களைக் கொண்டு மதிப்பிடுக.

மதிப்பீடு

*குறுவினா*
1. மாமை, பசலை – வேறுபடுத்துக.
2. நிழலில்லா நாள் என்பது யாது?

*சிறுவினா*
1. கொலாஜன் களிம்பு சுருக்கத்தைப் போக்காது என்பதற்கான காரணத்தை விளக்குக.
2. எலுமிச்சைச் சாறும் கார்போகரிசியும் உணர்த்தும் உண்மை யாது?

*நெடுவினா*
'வெளுப்பின் விலை' என்னும் தொடரின் பொருத்தத்தை, மலப்புர நிகழ்வையும் ஸ்டீராய்டுக் களிம்பின் விளைவுகளையும் சான்றாகக் கொண்டு நிறுவுக.